தந்தையர் விட்டுச்சென்ற ஊற்றுப்பேனா: இனங்காணலும் சீர்செய்தலும்

முன்னுரை

தந்தையார் மறைந்தபின் வீடும் நிலமும் நகையும் முறைப்படி பங்கிடப்படுகின்றன. பத்திரங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டப்படுகின்றன. ஆயின் அப்பத்திரங்களில் கையொப்பமிட்ட பேனா எவருடைய பங்கிலும் சேர்வதில்லை. அது மேசை இழுப்பறையின் மூலையில், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டோடும் பூட்டு மறந்துபோன சாவிகளோடும் கிடக்கிறது. ஆண்டுகள் சில கடந்தபின் வீட்டார் ஒருவர் அதனைக் கையில் எடுக்கிறார். உள்ளே மை உறைந்துவிட்டதால் அது எழுத மறுக்கிறது. உடனே அதனைக் கொதிநீரில் இடுகிறார், சாராயத்தால் துடைக்கிறார், பற்பசையிட்டுத் தேய்க்கிறார். இருபது ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்தபோது நேராத கேடு அந்த அரைமணி நேரத்தில் நேர்ந்துவிடுகிறது.

இக்கேட்டினைத் தவிர்க்கும் வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெற்றோரிடமிருந்து வந்த பழைய ஊற்றுப்பேனாவை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு மீண்டும் எழுதச் செய்வது என்பனவற்றை ஈண்டுக் காண்போம். நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. அறிந்த பின்னரே தொடவேண்டும். தொடும்போதும் மிகக் குறைவாகவே தொடவேண்டும்.

ஊற்றுப்பேனா பிறந்த கதை

நாணற்கோலும் இறகுக்கோலும் மைக்கூட்டில் மீண்டும் மீண்டும் தோய்க்கப்பட வேண்டியவை. மையைத் தன்னுள்ளே தாங்கிய எழுதுகோல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழமையானது. பத்தாம் நூற்றாண்டில் பாத்திமியக் கலீபாவாக விளங்கிய அல்முயிஸ் (ஆட்சிக்காலம் 953–975), தலைகீழாகப் பிடித்தாலும் மை சிந்தாத, கையையும் ஆடையையும் கறைப்படுத்தாத எழுதுகோல் ஒன்றை விரும்பிச் செய்வித்தார் என்ற செய்தியை அவர் அவையில் இருந்த சட்ட அறிஞர் காழி நுஃமான் எழுதி வைத்துள்ளார். அக்கோல் இன்று இல்லை. குறிப்பு மட்டுமே எஞ்சியுள்ளது.

1827-ஆம் ஆண்டில், பாரிசில் பயின்றுகொண்டிருந்த உருமேனியரான பெட்ராக்கே போயெனாரு மை நிரம்பிய பேனா ஒன்றுக்குப் பிரெஞ்சு அரசின் காப்புரிமை பெற்றார். எனினும் மை தேவையான அளவில் மட்டும் இறங்கும் பேனாவை வணிக வெற்றியாக்கியவர் அமெரிக்கரான லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் ஆவார். அவர் 1884-இல் காப்புரிமை பெற்றார். விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் நகரில் தந்திக்கலை கற்பித்து வந்த ஜார்ஜ் பார்க்கர், தம் மாணவர்களின் பேனாக்களைப் பழுதுநீக்கிப் பழகியவர். அப்பட்டறிவே 1888-இல் பார்க்கர் நிறுவனமாக மலர்ந்தது. அயோவா மாநிலத்து நகை வணிகரான வால்டர் ஷீஃபர், நெம்புகோலால் மை நிரப்பும் முறைக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார். பழுதுநீக்கும் கைகளே புதியன படைத்தன என்பது இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தியாகும்.

பேனா எவ்வாறு எழுதுகிறது?

சீர்செய்ய முனைவோர் முதற்கண் பேனாவின் உறுப்புகளை அறிதல் வேண்டும். கையில் பிடிக்கும் நீண்ட பகுதி உடற்குழல். விரல்கள் படியும் பகுதி கழுத்து. கழுத்தின் முனையில் இருப்பது நிப்பு. நிப்புக்கு அடியில், அதனை ஒட்டியவாறு இருக்கும் கறுப்புத் துண்டே நாக்கு எனப்படுவது.

பேனாவின் உயிர் இந்த நாக்கிலேயே உள்ளது. அதன்மீது மயிரிழை போன்ற நுண்ணிய பள்ளங்கள் உண்டு. நுண்புழை நுழைவு என்று இயற்பியலார் கூறும் இயல்பினால் மை அப்பள்ளங்கள் வழியே நிப்பின் பிளவுக்கு வருகிறது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று அதே வழியே உள்ளே செல்கிறது. காற்று செல்லாவிடில் மை நின்றுவிடும். பெரும்பாலான பழைய பேனாக்கள் எழுதாமைக்குக் காரணம் நிப்பு கெட்டதன்று. இப்பள்ளங்களில் மை காய்ந்து அடைத்திருப்பதேயாகும்.

சட்டைப்பையில் கறை படிவதற்கும் காரணம் உண்டு. மை குறைந்த பேனாவில் காற்று மிகுதி. உடலின் சூட்டால் அக்காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. ஆதலின் உடற்குழலிலேயே மை ஊற்றும் பேனாக்களைப் பாதிக்குக் குறையாமல் நிரப்பி வைத்தல் நன்று.

நம் இல்லங்களில் கிடைப்பவை

கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன் எனக் கடல் கடந்து பொருளீட்டிய நம் சபுராளிகள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுள் பேனாவும் ஒன்று. பார்க்கர், ஷீஃபர், வாட்டர்மேன், அன்னப்பறவைச் சின்னம் கொண்ட சுவான் ஆகியன அவ்வாறு வந்தவை. பிற்காலத்தில் ஷாங்காய் நகரத்து ஹீரோ பேனாக்கள் வந்தன. அரபு நாடுகளுக்குப் பணிக்குச் சென்றோர் பைலட் முதலிய ஜப்பானியப் பேனாக்களையும் கொணர்ந்தனர்.

உள்நாட்டுப் பேனாக்களும் குறைந்தவை அல்ல. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பார் சுதேசிப் பேனாவை உருவாக்கினார். அதனைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள் 1935-இல் பாராட்டி மடல் எழுதினார். எபோனைட் தண்டினைக் கடைசல் பிடித்துச் செய்யப்பட்ட இத்தகைய பேனாக்கள் ஆசிரியர், கணக்கர், வழக்கறிஞர் கைகளில் நெடுங்காலம் உழைத்தன. திருவள்ளூரில் இக்கடைசல் தொழில் இன்றும் நிகழ்ந்து வருகிறது.

அயல்நாட்டுப் பெயர் இல்லாத பேனா மதிப்பற்றது என்று தள்ளிவிடுதல் தவறு. கையால் கடைந்த பேனாவில் கடைந்தவரின் தொழில்நுட்பமும் எழுதியவரின் உழைப்பும் ஒருங்கே இருக்கின்றன.

எழுத்தும் குறியும் கொண்டு இனங்காணல்

பேனாவைக் கழுவுவதற்கு முன்னரே அதனைப் படித்தல் வேண்டும். பகல் ஒளியில், உருப்பெருக்காடி ஒன்றின் துணையோடு, ஒளி பக்கவாட்டில் விழுமாறு பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்துகளும் தெரியும். நாற்புறமும் கைப்பேசியில் படமெடுத்துக் கொள்வது பயனுடையது. பின்னர்ச் செய்யும் எந்த வேலையிலும் ‘முன்பு எவ்வாறு இருந்தது’ என்ற ஐயம் எழின் அப்படமே சான்றாகும்.

பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. உடற்குழலில் பொறித்த பெயரும் எண்ணும் முதலாவது. மூடியின் உச்சியும் கிளிப்பும் இரண்டாவது. மூடியின் விளிம்பு வளையம் மூன்றாவது. நிப்பு நான்காவது. ஷீஃபரின் உயர்வகைப் பேனாக்களில் சிறு வெண்புள்ளி காணப்படும். பார்க்கரின் கிளிப் பெரும்பாலும் அம்பு வடிவினது. பெலிக்கான் பேனாவின் கிளிப் அப்பறவையின் அலகினை ஒத்தது. மான்பிளாங்க் பேனாவின் மூடி உச்சியில் வெண்ணிற விண்மீன் உண்டு. அதன் சில நிப்புகளில் உள்ள 4810 என்ற எண் அம்மலையின் உயரத்தை மீட்டரில் குறிப்பதேயன்றி ஆண்டோ வரிசை எண்ணோ அன்று.

காலத்தை அறிவதில் ஒரு வழுக்குநிலம் உண்டு. பேனாவில் காணப்படும் காப்புரிமை ஆண்டைப் பலர் செய்யப்பட்ட ஆண்டாகக் கருதிவிடுகின்றனர். காப்புரிமை பெற்றபின் பல ஆண்டுகள் அதே பொறிப்போடு பேனாக்கள் வெளிவந்துள்ளன. ஆகவே அவ்வாண்டு, ‘இதற்கு முற்பட்டதன்று’ என்பதை மட்டுமே உணர்த்தும்.

பார்க்கர் பேனாக்கள் இவ்வகையில் நமக்கு உதவுகின்றன. 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்டவற்றின் உடற்குழலில் ஓர் இலக்கமும் அதனையொட்டிப் புள்ளிகளும் இருக்கும். இலக்கம் ஆண்டின் இறுதி எண்ணைக் குறிக்கும். புள்ளிகள் காலாண்டைக் குறிக்கும். மூன்று புள்ளிகள் முதற் காலாண்டு. பின்னர்க் காலாண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, இறுதிக் காலாண்டில் புள்ளியே இராது. நிப்பு முழுதும் மறைந்து நுனி மட்டும் தெரியும் ‘பார்க்கர் 51’ பேனாவை எடுத்துக் கொள்வோம். அதில் 7 என்ற இலக்கமும் இரு புள்ளிகளும் இருப்பின் அது 1947-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் செய்யப்பட்டதாகும். 1937 ஆகாதோ எனின், ஆகாது. அப்பேனா விற்பனைக்கு வந்ததே 1941-இல்தான்.

நாட்டின் பெயரையும் நோக்குதல் வேண்டும். போருக்குப் பின் இங்கிலாந்தின் நியூஹேவன் ஆலையிலும் பார்க்கர் பேனாக்கள் செய்யப்பட்டன. இந்தியாவில் லக்சர் நிறுவனம் பார்க்கர் பேனாக்களைச் செய்யத் தொடங்கியது 1990-களிலேதான். மேலும், ‘51’-இன் வடிவத்தைப் பின்பற்றிய ஹீரோ பேனாக்கள் பல உண்டு. அவற்றைப் போலி எனப் பழிக்க வேண்டுவதில்லை. தம் பெயரைத் தாமே பொறித்துக்கொண்டு நன்கு எழுதிய பேனாக்கள் அவை.

நிப்பில் 14 காரட் அல்லது 585 என்றிருப்பின் அதில் நூற்றுக்கு 58 பங்கிற்குச் சற்று மிகையாகத் தங்கம் உண்டு. 18 காரட் அல்லது 750 எனில் முக்கால் பங்கு தங்கம். காரட் எண்ணே இல்லாத மஞ்சள் நிப்பு பெரும்பாலும் முலாம் பூசிய எஃகாகும். தங்க நிப்பின் எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவே. அதனைப் பிடுங்கி உருக்க விற்போர் அடையும் பணம் சிறிது. இழப்பதோ முழுப் பேனா.

எதனால் ஆனது என அறிதல்

சீர்செய்தலில் நேரும் பெருங்கேடுகள் யாவும் பொருளின் தன்மை அறியாமையால் விளைபவை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். கட்டைவிரலால் உடற்குழலை விரைந்து தேய்த்து, சூடேறியவுடன் முகர்ந்து பார்ப்பது எளிய சோதனை.

1. எபோனைட்: ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டது. தேய்த்தால் கந்தக மணம் வரும். ஒளியாலும் ஈரத்தாலும் இதன் கருமை பழுப்பாகவோ பாசிநிறமாகவோ மாறும். நீரில் ஊறவைத்தால் இம்மாற்றம் விரைவுபடும். ஆகவே கழுத்தினை மட்டும் கழுவலாம். உடற்குழலையும் மூடியையும் ஊறவிடல் ஆகாது.

2. செல்லுலாய்டு: முத்துப்போல் மின்னும் வரிகளும் பல நிறக் கலவைகளும் கொண்ட 1920 முதல் 1950 வரையிலான பேனாக்கள் பெரும்பாலும் இப்பொருளால் ஆனவை. தேய்த்தால் கற்பூர மணம் வரும். இது மிக எளிதில் தீப்பற்றும். நகச்சாயம் நீக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோன் இதனைக் கரைத்துவிடும். சாராயமும் கெடுக்கும்.

3. கேசின்: பாலின் புரதத்தைப் பதப்படுத்திச் செய்யப்பட்டது. ஆங்கிலேயப் பேனாக்கள் சிலவற்றில் காணப்படும். நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும் இயல்பினது.

4. பிளாஸ்டிக் வகைகள்: ‘பார்க்கர் 51’-இன் அக்ரிலிக் மிக உறுதியானது. பிற்காலப் பள்ளிக்கூடப் பேனாக்களின் பிளாஸ்டிக் அத்தகையதன்று. எளிதில் கீறும், வெடிக்கும்.

5. உலோகம்: முழுத் தங்கம் அரிது. மெல்லிய தங்கத் தகடு போர்த்தியவையும் முலாம் பூசியவையுமே மிகுதி. சாம்பலோ புளியோ இட்டுத் தேய்த்தால் முலாம் போய்ப் பித்தளை வெளிப்படும்.

எதனால் ஆனது என்று துணிய முடியாத பேனாவை ஊறவைக்காமல் இருப்பதே பாதுகாப்பான விதியாகும்.

மை நிரப்பும் வகைகள்

பொருளை அறிந்தபின் மை நிரப்பும் முறையை அறிதல் வேண்டும்.

கழுத்தைத் திருகிக் கழற்றியவுடன் உடற்குழல் வெறுங்குழலாக இருப்பின், அது இங்க் ஃபில்லர் எனப்படும் சொட்டுக்குழாயால் மை ஊற்றும் வகை. நம் நாட்டு எபோனைட் பேனாக்களில் பெரும்பாலானவை இவ்வகையின. கெடுவதற்கு உள்ளே எப்பொறியும் இன்மையால் இவற்றைச் சீர்செய்தல் எளிது.

உடற்குழலின் பக்கத்தில் சிறு நெம்புகோல் இருப்பின் உள்ளே ரப்பர்ப் பை ஒன்று உண்டு. நெம்புகோல் அப்பையை அமுக்கும். விட்டவுடன் பை விரிந்து மையை உறிஞ்சும். 1921-இல் வெளிவந்த பார்க்கர் டியோஃபோல்டு போன்றவற்றில் பின்புறக் குமிழைக் கழற்றினால் தெரியும் பொத்தான் இப்பணியைச் செய்யும். 1930-களில் வந்த பார்க்கர் வாக்குமேட்டிக்கில் பின்முனையில் உள்ள தண்டு மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்றை இயக்கி மையை இழுக்கும். முற்கால ‘51’ பேனாக்களும் இம்முறையினவே. 1948 முதல் வந்த ‘51’-இல் உலோகக் கவசத்துள் அமைந்த மென்குழாயை விரலால் அமுக்க வேண்டும். ஹீரோ பேனாக்களிலும் நாம் கண்ட முறை இதுவே. பெலிக்கான் 1929-இல் வெளியிட்ட பிஸ்டன் பேனாவில் பின்முனையைத் திருகினால் உள்ளே தட்டு ஏறி இறங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய பேனாவைக் கண்டவுடன் நெம்புகோலைத் தூக்கிப் பார்ப்பது பலரது வழக்கம். உள்ளிருக்கும் பை கல்போல் இறுகியிருப்பின் நெம்புகோல் முறியும். உடற்குழலே பிளந்துவிடுதலும் உண்டு. பை மென்மையாக உள்ளது என்று அறியும்வரை நெம்புகோலைத் தொடலாகாது. திருக மறுக்கும் பிஸ்டனுக்கும் இவ்விதி பொருந்தும்.

நீரே முதல் மருந்து

அறைவெப்ப நிலையிலுள்ள தூய நீரே பேனாவுக்கு முதல் மருந்து. கொதிநீர் எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும்; செல்லுலாய்டை வளைக்கும். சிறு கிண்ணத்தில் நிப்பும் கழுத்தும் மட்டும் மூழ்குமாறு நீர் ஊற்றி, மை கரையக் கரைய நீரை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். கழுத்து கேசினால் ஆனதெனில் மூழ்கவிடாது, ஈரத்துணியை நிப்பின்மேல் மட்டும் சுற்றி மையை இழுத்தெடுக்கலாம். பல பேனாக்களில் முதல் நாள் கருநீலம் வரும். மறுநாள் இளநீலம் வரும். மூன்றாம் நாள் நீர் தெளியும். அவசரம் காட்டுவோர் முதல் நாளிலேயே நிப்பைப் பிடுங்க முயன்று நாக்கை ஒடித்துவிடுகின்றனர்.

சொட்டுக்குழாய் வகையில் ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ ரப்பர்க் குமிழாலோ கழுத்தின் பின்புறமிருந்து நீரைச் செலுத்தலாம். 1948-க்குப் பிற்பட்ட ‘51’ பேனாவாயின், மென்குழாயை அமுக்கி அமுக்கி நீரை ஏற்றி இறக்கினால் போதும். அதனைப் பிரிக்கவே தேவையில்லை. அக்குழாய் நெடுநாள் உழைக்கும் பொருளால் ஆனது. கழுவிய அளவிலேயே மீண்டும் எழுதத் தொடங்கும் பேனாக்கள் மிகப் பல.

நீருக்கு இளகாத மைக்குப் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி சேர்க்கலாம். அதற்கும் மசியாவிடில், பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வீட்டு அமோனியா கலந்து, கழுத்தினுள் சில நிமிடங்கள் மட்டும் செலுத்தி, உடனே நல்ல நீரால் பலமுறை கழுவுதல் வேண்டும். கேசின் பேனாவில் இதனைச் செய்யலாகாது. கழுவியபின் மெல்லிய தாளை நிப்பின் நுனியில் சுற்றித் தலைகீழாக ஓரிரவு நிறுத்தினால் எஞ்சிய ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

ரப்பர்ப் பையை மாற்றுதல்

நெம்புகோல், பொத்தான் வகைகளில் பழைய ரப்பர்ப் பை பெரும்பாலும் இறுகியோ பிசினாக உருகியோ இருக்கும். அதனை மாற்றுதல் பொறுமையுள்ளோர் தாமே செய்யக்கூடிய வேலை.

முதலில் கழுத்தை உடற்குழலிலிருந்து பிரிக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியின் வெங்காற்றைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்டி, குழலைச் சுழற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். விரல் தாங்கும் சூடே அளவு. அதற்கு மேல் கூடாது. தீக்குச்சி, மெழுகுவத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகே செல்லுலாய்டைக் கொண்டு செல்லுதல் தீயை நாமே அழைப்பதாகும். பின்னர் ரப்பர்த் துண்டால் பற்றி மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். அசையாவிடில் மீண்டும் சூடு காட்டலாமேயன்றி இடுக்கியால் முறுக்கலாகாது.

கழுத்தின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் பழைய பையைச் சுரண்டி நீக்கி, உடற்குழலினுள் தடையின்றி நுழையும் அளவுள்ள புதிய பையைத் தேர்ந்து, குழலின் அடியைத் தொடாத நீளத்திற்கு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு உரியது அவலரக்குக் கரைசல் ஒன்றே. ஓரிரவு உலரவிட்டு, பையின்மீது முகப்பவுடர் போன்ற டால்க் தூளைத் தடவி உள்ளே செருகலாம்.

நொடியில் ஒட்டும் பசைகள் கடையெங்கும் கிடைக்க, அவலரக்கு எதற்கு எனலாம். அது மெல்லிய சூட்டில் விட்டுவிடும். இன்று நாம் மாற்றும் பையும் ஒருநாள் இறுகும். அன்று நம் மக்களோ அவர்தம் மக்களோ இப்பேனாவைப் பிரிக்க வேண்டியிருக்கும். அவர்கள் பிரிக்க இயலாதவாறு ஒட்டுவது சீர்செய்தல் ஆகாது. பின்னர் வருவோர் மாற்றக்கூடியதாகவே எதனையும் செய்ய வேண்டும் என்பது இக்கலையின் அறம்.

வாக்குமேட்டிக்கின் சவ்வு, 1952-இல் வந்த ஷீஃபர் ஸ்னார்க்கெலின் உட்குழாய், வளைந்த நிப்பு, வெடித்த மூடி ஆகியவற்றைத் தேர்ந்த பழுதுநீக்குநரிடம் விடுவதே அறிவுடைமை. சொட்டுக்குழாய்ப் பேனாவின் திருகுமரையில் மை கசிந்தால் சிலிக்கோன் கிரீஸ் சிறிது தடவினால் போதும். வாசலைன் ரப்பரைக் கெடுக்குமாதலால் ரப்பர்ப் பை உள்ள பேனாவில் அதனைப் பயன்படுத்தலாகாது.

எந்த மை இடலாம்?

கழுவினால் நீங்கும் நீல மையே பழைய பேனாவுக்கு ஏற்றது. படம் வரைவோர் பயன்படுத்தும் இந்தியன் இங்க் ஊற்றுப்பேனாவுக்கு ஆகாது. அது காய்ந்தால் நீரில் கரையாமல் நாக்கை என்றென்றைக்குமாக அடைத்துவிடும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த பழையவகைக் கருநீல மை பத்திரங்களில் அழியாது நிற்கும். ஆயின் எஃகு நிப்பை அரிக்கும். எவ்வகை மை எனினும் எழுதாது வைக்கும் நாள்களில் பேனாவைக் கழுவி உலர்த்தி வைத்தல் வேண்டும். செல்லுலாய்டுப் பேனாவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வைத்தலும் கூடாது.

நிப்பில் பதிந்த கை

இனி, கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிப்பின் நுனியில் வைரம்போற் கடினமான உலோகத் துளி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்துணைக் கடினமான அதுவும் பல்லாண்டு எழுத்தால் தேய்கிறது. எழுதியவர் பேனாவை எக்கோணத்தில் சாய்த்துப் பிடித்தாரோ அக்கோணத்தில் அங்கே சிறு தட்டைமுகம் உண்டாகிறது. தந்தையின் பேனா மகனின் கையில் முதலில் கீறுவதன் காரணம் இதுவே. உடனே உப்புத்தாளில் தேய்த்து அதனைத் தம் கைக்கு ஏற்றதாக்குவோர் உளர். அவ்வாறு செய்யாது, பேனாவைச் சற்றே இப்புறமும் அப்புறமும் உருட்டி எழுதிப் பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் அது வழுவழுவென ஓடத் தொடங்கும். அந்தக் கோணமே அத்தா எழுதிய கோணம். வேறு எந்தப் படமும் ஆவணமும் காட்டாத ஒன்றை அந்நுனி காட்டுகிறது.

அவர் எழுதிய பழைய கடிதங்கள், கணக்கேடுகள் இருப்பின் அவற்றின் கோட்டுத் தடிப்பை இப்பேனாவின் கோட்டோடு ஒப்பிடலாம். ஒத்திருப்பின் நிப்பு அவர் காலத்ததே எனக் கொள்ளலாம். முற்றிலும் வேறுபடின் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது அவரிடம் வேறொரு பேனாவும் இருந்திருக்கலாம்.

உடற்குழலில் பெயர் பொறித்துக்கொள்வது அந்நாளில் பரவலான வழக்கம். பொறித்த பெயர் சந்தையில் விலையைக் குறைக்கும் என்பர். குடும்பத்தாருக்கு அதுவே விலையின் பெரும்பகுதி. பளபளப்பாக்கும் ஆர்வத்தில் அப்பெயரைத் தேய்த்து அழித்துவிட்டால் எஞ்சுவது யாரோ ஒருவரின் பேனா மட்டுமே. மென்துணியால் துடைத்தலோடு நிறுத்திக்கொள்க. பல் பதிந்த தடமும், கிளிப்பில் போன முலாமும் குறைகள் அல்ல, அவை வரலாறு.

முடிவுரை

ஊற்றுப்பேனாவைச் சீர்செய்தல் என்பது அதனைப் புதிதாக்குதல் அன்று. எழுதும் ஆற்றலை மட்டும் அதற்கு மீட்டளித்தல் ஆகும். எழுத்தும் குறியும் கொண்டு இனங்காணல், பொருளறிதல், நீரால் தொடங்குதல், பின்னர்ப் பிரிக்கத்தக்கவாறே ஒட்டுதல், நுனியைத் தேய்க்காதிருத்தல் ஆகிய ஐந்தும் நினைவிற் கொள்ளத்தக்கன.

மாணவச் செல்வங்கள் தம் இல்லத்து இழுப்பறையைத் திறந்து பார்ப்பார்களாக. பேனா ஒன்று கிடைப்பின், அதனை யார் எங்கு வாங்கினார், எதனை எழுதினார் என்று தாயாரிடமும் பெரியவர்களிடமும் இன்றே கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்தல் வேண்டும். மாற்றிய உறுப்பு எது, மாற்றிய நாள் எது என்பதையும் அதில் எழுதி, கழற்றிய பழைய உறுப்பையும் உடன் வைத்தல் நன்று. மையைப் பின்னரும் கழுவலாம். ரப்பர்ப் பையைப் பின்னரும் மாற்றலாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போது கேட்காத செய்தியை மட்டும் பின்னர் எக்கடையிலும் வாங்க இயலாது.